பதினொரு குழாய்கள்

கால அட்டவணை என்னுடையது.
ஒன்பது வருடமாக நான் போட்டது.
முப்பத்திரண்டு வகுப்பு, ஐம்பத்தொரு ஆசிரியர்,
யாரும் யாரோடும் முட்டிக்கொள்ளாமல்
எக்செல் கட்டங்களுக்குள் ஓடும் என் சின்ன ஊர்.
அஜ்மானில், ஜுர்ஃப் பக்கம், மணல் லாரிகளின் சத்தத்தில்
அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது
ஜுவைரியா மேடம் வரும் வரை.

முதல் வாரம் அவர் எதுவுமே செய்யவில்லை.
கூட்டம் இல்லை, சுற்றறிக்கை இல்லை,
முன்னவர் மாட்டிவிட்டுப் போன நின்ற கடிகாரத்தைக்கூட
மாற்றச் சொல்லவில்லை.
"காயல்பட்டினத்துக்காரங்க, ஆழம் பாக்குறாங்க" என்றார்
கேண்டீன் பாவா.

ளுஹருக்கு மணி அடித்ததும்
ஒளுச் செய்யும் இடத்துக்கு வெளியே நின்றார்.
கையில் ஸ்டாப்வாட்ச்,
விளையாட்டு அறையில் இரவல் வாங்கியது.
திங்கள் நின்றார். செவ்வாய் நின்றார்.
புதனன்று வழுக்கி விழப்போன இரண்டாம் வகுப்புக்காரனை
அபாயா நனையப் பிடித்து நிறுத்தினார்.
பிறகு மறுபடியும் நின்றார்.

வியாழன், என்னை அழைத்தார்.
மேசையில் ஒரு தாள். பச்சை மையில் கணக்கு.
"பதினொரு குழாய். ஒன்றில் தண்ணீரே வரவில்லை.
முந்நூற்று நாற்பது பையன்கள்.
ஒழுங்காகச் செய்தால் ஒருவனுக்கு ஐம்பது வினாடி.
நீங்கள் தந்திருப்பது எட்டு நிமிடம்.
நூறு பேர் முடிக்கலாம். மற்றவர்கள்
எப்படி ஸஃப்பில் நிற்கிறார்கள், ஹாஜா சார்?"

இயற்பியல் நடத்துகிறவன் நான்.
வகுத்தல் தெரியும்.
ஒன்பது வருடத்தில் இந்தக் கணக்கை மட்டும் போடவில்லை.

"முடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொண்டு
'ஒளு இருக்கு சார்' என்கிறார்கள்.
தாமதமானால் நாம் அடையாள அட்டையைப் பிடுங்குகிறோமே.
உண்மை பேசு என்று வாரம் நான்கு பாடவேளை.
பொய்க்கு மட்டும்
தினமும் மணி அடிக்கிறோம்."

எனக்குக் கோபம் வந்தது.
என் கட்டங்களுக்குள் யாரோ
செருப்போடு நடந்த மாதிரி.
"பாடநேரத்தைத் தொட்டால் ஆய்வுக் குழு விடாது" என்றேன்.
"தொட வேண்டாம். காலைக் கூட்டத்தில்
என் உரைக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது.
அதை எடுத்துக்கொள்ளுங்கள்."

நிர்வாகக் குழுவில் கதை வேறு.
வாசலில் குவிமாடம் கட்டப் பணம் ஒதுக்கியிருந்தார்கள்.
வரைபடம் வண்ணத்தில் வந்து மேசை முழுக்கக் கிடந்தது.
முஹ்தார் ஹாஜியார் கேட்டார்:
"குழாயெல்லாம் போட்டோவுல வருமா, டீச்சர்?"
"வராது, ஹாஜியார். அதனால்தான் கேட்கிறேன்."

பாதி கிடைத்தது.
பாதியில் பதினான்கு புதிய குழாய்,
மொட்டைமாடித் தொட்டிக்கு ஒரு நிழல்கூரை
(ஜூனில் அந்தத் தண்ணீரில் தேயிலை போடலாம்).
குவிமாடமும் வந்தது,
கொஞ்சம் குள்ளமாக.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன்.
அந்த வருடமே சுற்றுலாப் பணம் குறைந்தபோது
ஷமீலா டீச்சரைச் சந்தேகப்பட்டு அழ வைத்தார்.
பணம் வங்கியில்தான் இருந்தது, வேறு தலைப்பில்.
மறுநாள் ஸ்டாஃப் ரூமில், எல்லார் முன்னும்,
பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.
ஷமீலா தலையாட்டினார். ஜூனில் வேலையை விட்டார்.
அந்த நாற்காலியை மேடம்
ரொம்ப நாள் யாருக்கும் ஒதுக்கவில்லை.

நேற்று ளுஹர்.
இகாமத் சொல்லப்போகிற நேரம்.
வாசலில் நான். ஐந்தாம் வகுப்பு ரிஃபாய் வந்து நின்றான்.
தலை காய்ந்திருந்தது.
"சார், எனக்கு ஒளு இல்ல. போயிட்டு வரேன்."

என் கை பழக்கத்தில்
அவன் கழுத்து அட்டைக்கு நீண்டது.
பாதி வழியில் அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"போ" என்றேன்.
"ஓடாதே. தரை ஈரம்."